திறப்பு யாரிடம்? – எமது நிரல்களை எமது வீட்டில் வைத்திருப்பது பற்றிச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிட்னியில் எனது நண்பர் ஒருவர் காலமானார். அவருடைய பெயரை இங்கு எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். எழுதிய காலம் முழுவதும் புனைபெயர்களிலேயே எழுதியவர். தனது கடைசி ஆறேழு ஆண்டுகளை அவர் ஒரே வேலையில் செலவிட்டார். தொண்ணூறுகளில் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வெளிவந்து நின்றுபோன சிறுசஞ்சிகைகளின் கணனிக் கோப்புகளைத் தேடிப் பெற்று, அவற்றை இன்றைய யூனிகோட் தமிழுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

இது ஏன் ஆறேழு ஆண்டு வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பாமினி எழுத்துருவில் நாம் 'தமிழ்' என்று வாசிப்பது, கணனியைப் பொறுத்தவரை நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு இல்லாத கணனியில் அது வெறும் குப்பை. யூனிகோட் 1991இல் வெளிவந்த தனது முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. எனினும் எமது சஞ்சிகைகள் அதற்குப் பின்னரும் நீண்ட காலம் பழைய எழுத்துருக்களிலேயே அச்சுக்குச் சென்றன. பாமினியில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் தட்டிப் பின்னர் ககரத்தைத் தட்டுவோம். யூனிகோட்டில் ககரம் முதலில், கொம்பு பின்னர். 'கு' என்பது அங்கே தனியொரு விசை. இங்கே இரண்டு குறிகள். இவ்வளவும் ஒழுங்கான விதிகள், எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சஞ்சிகையிலும் யாரோ ஒருவர் இரவிரவாக இருந்து எழுத்துருவைத் தம் வசதிக்கு மாற்றியிருந்தார். அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நண்பர் அட்டவணைகளாக்கினார். நூலகம் நிறுவனம் 2005 முதல் எமது பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் வைத்திருப்பதை நாம் அறிவோம். அவை கண்ணால் வாசிக்கக்கூடிய படங்கள். நண்பர் தேடியது சொல்லைத் தேடினால் கிடைக்கக்கூடிய எழுத்தை.

அவர் இறந்த பின்னர்தான் நிலைமை எமக்குப் புரிந்தது. நிரலும் அட்டவணைகளும் ஒரு பெரிய நிறுவனத்தின் களஞ்சியத்தில், அவருடைய தனிக் கணக்கில், பிறர் பார்க்க முடியாதவாறு இருந்தன. கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. மடிக்கணனியை அவரது மகன் துடைத்துத் துப்புரவாக்கித் தேவைப்பட்ட ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைமீது பிழை சொல்ல முடியாது. அப்பா கணனியில் என்ன செய்தார் என்று அவருக்கு நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. நிறுவனத்துக்கு எழுதினோம். கணக்குக்குரியவரின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. எங்களில் ஒருவரிடம் மிகப் பழைய பிரதி ஒன்று ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் இருந்தது. அதற்குப் பிந்திய வேலை முழுவதும் போய்விட்டது.

நான் ஒரு காலத்தில் கணிதமும் கணனியியலும் படிப்பித்தவன். இன்று மெல்பேணின் டண்டினோங் பகுதியில் ஒரு பிளாஸ்ரிக் வார்ப்புத் தொழிற்சாலையில் மாலைநேர வேலை. அந்த இழப்பின் பின்னர் எமது சிறு வட்டம் தனக்கென ஒரு நிரற்களஞ்சியத்தை அமைத்துக்கொண்டது. அதை எப்படிச் செய்தோம், ஏன் செய்தோம், எங்கே தவறினோம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணனி வேலை தெரியாதவர்களும் வாசிக்கலாம். கேள்வி அவர்களுக்கும் உரியது.

கன்பராவில் ஒரு சொல்

நிரற்களஞ்சியம் என்பது கோப்புகளைப் போட்டுவைக்கும் இடம் மட்டுமல்ல. ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற முழு வரலாற்றையும் அது வைத்திருக்கிறது. நேற்றுச் செய்தது பிழையென்றால் முந்தநாளைய நிலைக்குத் திரும்பலாம். இன்று உலகில் பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது 'கிட்' என்ற கருவி. அது பிறந்த கதையில் அவுஸ்திரேலியாவுக்கும் பங்குண்டு.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதுவோர் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற கருவியைப் பாவித்து வந்தனர். அது ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து; சில நிபந்தனைகளோடு அவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. கன்பராவைச் சேர்ந்த அன்ட்ரூ ரிட்ஜெல், அந்தக் கருவி தன் வழங்கியோடு எப்படிப் பேசுகிறது என்று ஆராய்ந்து, அதிலுள்ள வரலாற்றை வெளியே எடுக்கும் நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். லினக்சும் விண்டோசும் கோப்புகளைப் பகிர உதவும் 'சம்பா'வை அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது எழுதியவர் இவர்தான். நிறுவனம் சினந்தது, இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. உலகெங்கும் பரந்திருந்த ஆயிரக்கணக்கானோரின் வேலை ஒரே முடிவில் அந்தரத்தில் நின்றது.

லினஸ் ரோர்வால்ட்ஸ் அப்போது எழுதத் தொடங்கியதுதான் கிட். 2005 ஏப்ரல் 7ஆம் திகதி அது தன்னுடைய நிரலையே தன்னுள் பதிந்துகொண்டது. அதே மாதம் கன்பராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் ரிட்ஜெல் தான் செய்த பெரிய 'சூழ்ச்சி'யை மேடையில் செய்து காட்டினார். பிட்கீப்பர் வழங்கியோடு சாதாரணமாகத் தொடர்பு எடுத்து, 'ஹெல்ப்' என்று தட்டினார். அது தன் கட்டளைகளைத் தானே பட்டியலிட்டுக் கொடுத்தது. சபை சிரித்தது.

இந்தக் கதையில் எமக்குரிய பாடம் அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்பதல்ல. மற்றவர் வீட்டில் இலவசமாகக் குடியிருப்பவன், வீட்டுக்காரரின் மனநிலையையும் தன் வாழ்க்கைத் திட்டத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கிட் இந்தப் பிரச்சினைக்குக் கண்ட விடை எளிமையானது. களஞ்சியத்திலிருந்து ஒருவர் பிரதி எடுத்தால் அவருக்குக் கிடைப்பது இன்றைய நிலை மட்டுமல்ல. முதல் நாளிலிருந்து முழு வரலாறும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் நாற்பது இலக்க அடையாளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் அடையாளத்தையும் தன்னுள் கொண்டிருக்கும். ஆகவே நடுவே ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்னாலுள்ள அடையாளங்கள் எல்லாம் மாறிவிடும்; திருட்டுத்தனமாக வரலாற்றைத் திருத்த முடியாது. ஐந்து பேரிடம் பிரதி இருந்தால் ஐந்தும் மூலப்பிரதிகளே.

எமது சஞ்சிகைக் குழுக்கள் பிரிந்த கதைகளை நாம் அறிவோம். கணனி யாருடைய வீட்டில் இருந்ததோ அவரிடமே கோப்புகளும் முகவரிகளும் நின்றன. மற்றவர் வெறுங்கையோடு வெளியேறினார். கிட்டில் பிரிந்து செல்பவரும் முழு வரலாற்றையும் எடுத்துக்கொண்டே செல்கிறார்.

அப்படியானால் நண்பரின் வேலை ஏன் அழிந்தது? எவரும் பிரதி எடுக்கவில்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கருவி பிரதியைச் சாத்தியமாக்கும். பிரதி எடுக்கும் பழக்கத்தை மனிதர்தான் உண்டாக்க வேண்டும்.

யாருடைய வீடு?

ஐந்து பேரின் பிரதிகளும் ஒன்றையொன்று சந்திக்கப் பொதுவான ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை இன்று பெரும்பாலோருக்குக் கொடுப்பது 2008இல் தொடங்கிய கிட்ஹப். மைக்ரோசொப்ட் 2018இல் அதை 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. நல்ல சேவை, பெரும்பகுதி இலவசம். எமது நண்பர்கள் சிலர், "இவ்வளவு பெரிய நிறுவனம் வைத்திருக்கும்போது டண்டினோங்கில் ஒரு அறை மூலையில் பழைய பெட்டியை வைத்து என்ன சாதிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பெட்டி அவர்களுடையதைவிட அடிக்கடி பழுதாகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான்கு சம்பவங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2011 யூனில் மெல்பேணிலிருந்து இயங்கிய 'டிஸ்ரிபியூற் ஐ.ரி.' என்ற நிறுவனத்தின் வழங்கிகளுக்குள் ஒருவர் புகுந்து அழித்தார். காப்புப் பிரதிகளும் அழிந்தன. 4,800 இணையத்தளங்களின் தரவுகளை மீட்கவே முடியவில்லை. 2014 யூனில் நிரற்களஞ்சியங்களையே தொழிலாக வைத்திருந்த 'கோட் ஸ்பேசஸ்' நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை கப்பம் கேட்ட ஒருவர் கையில் சிக்கியது. பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் களஞ்சியங்களில் பெரும்பகுதியும் காப்புப் பிரதிகளும் அழிந்தன; நிறுவனம் மூடப்பட்டது. 2019 யூலையில் அமெரிக்கத் தடைச் சட்டங்களின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களிலிருந்தோரின் கிட்ஹப் கணக்குகள் மட்டுப்படுத்தப்பட்டன. தமது தனிப்பட்ட களஞ்சியங்களை அவர்கள் திறக்க முடியவில்லை. ஈரானியருக்கு 2021 சனவரியில்தான் வழி திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இருந்ததில்லை. எனினும் ஒருவர் பிறந்த இடமோ வாழும் இடமோ அவருடைய திறப்பைச் செல்லாததாக்கும் என்பது எமக்குப் புதிய செய்தியல்ல.

நான்காவது எனக்கு மிக நெருக்கமானது. 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஊழியர்களுக்காகத் தோன்றிய ஓய்வூதிய நிதியமான யுனிசூப்பரின் தனி மேகக்கணனிச் சேவையை, அமைப்புப் பிழை ஒன்றினால், கூகுள் தற்செயலாக அழித்துவிட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தமது கணக்குகளைப் பார்க்க முடியாதிருந்தனர். நிதியம் வேறொரு வழங்குனரிடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது மீட்சிக்கு உதவியது. பெரிய நிறுவனத்தில் இருப்பது பாதுகாப்பு என்பது பாதி உண்மை. மறுபாதி, இன்னொருவரிடமும் பிரதி இருந்தது என்பது.

அச்சும் வார்ப்பும்

இனி வேலையைச் சொல்கிறேன். எமது வட்டத்தில் ஒரு பெண் இருக்கிறார். நான்கு வயதில் இந்நாட்டுக்கு வந்தவர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவருடைய மாமா என் பழைய மாணவர் என்பதால் என்னை 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். உண்மையில் இங்கே படிப்பித்தவர் அவர், படித்தவன் நான்.

"சேர், எல்லாத்தையும் நேரே கணனியிலை நிறுவாதையுங்கோ. கொன்ரெயினரிலை போடுங்கோ. பெட்டி பழுதானா வேறை பெட்டியிலை அரை மணித்தியாலத்திலை எழுப்பலாம்" என்றார்.

கொன்ரெயினர் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது தொழிற்சாலை வாசலில் நாங்கள் நிரப்பும் இரும்புப் பெட்டிதான். பெயரும் அங்கிருந்துதான் வந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்குப் புறப்பட்டது. பின்னர் பெட்டியின் அளவுகள் பொதுவாக்கப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்பது பாரந்தூக்கிக்குத் தெரியத் தேவையில்லை என்றாயிற்று. கணனியிலும் அதுதான். ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணை நிரல்களையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் எந்த லினக்ஸ் கணனியிலும் அது ஒரே மாதிரி இயங்கும். ஒரு பெட்டியிலுள்ளது மற்றதைப் பார்க்காதபடி பிரிக்கும் வசதிகள் லினக்சின் கருவிலேயே இருந்தன. 2013இல் வெளியான 'டொக்கர்' அவற்றைச் சாதாரணர் கையாளும்படி ஆக்கியது.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று. தரவிறக்கும் பொதிக்கு 'இமேஜ்' என்று பெயர். அதிலிருந்து இயங்குவது கொன்ரெயினர். எனக்கு இது தொழிற்சாலையில் விளங்கியது. முன்னது அச்சு, பின்னது அச்சிலிருந்து விழும் வார்ப்பு. வார்ப்பு உடைந்தால் எவரும் அழுவதில்லை, அச்சிலிருந்து இன்னொன்றை எடுக்கலாம். ஆகவே வார்ப்புக்குள் பெறுமதியான எதையும் வைக்கக் கூடாது. நாம் எழுதும் நிரல்கள், கணக்குகள், உரையாடல்கள் யாவும் கொன்ரெயினருக்கு வெளியே, கணனியின் வட்டில் நாம் பெயரிட்ட ஒரு கோப்புறையில் இருக்க வேண்டும்.

களஞ்சிய மென்பொருளாக 'போர்ஜெயோ'வைத் தெரிந்தோம். எஸ்பெரான்ரோ மொழியில் கொல்லன் பட்டறை என்று பொருள். 'கொக்ஸ்' என்ற மென்பொருளிலிருந்து 2016இல் 'கிற்றீ' பிரிந்தது. கிற்றீயின் பெயரும் உரிமையும் ஒரு கம்பனியிடம் போனதை ஏற்காதவர்கள் 2022இல் பிரிந்து போர்ஜெயோவைத் தொடங்கினர். பேர்லினில் பதிவு செய்யப்பட்ட 'கோட்பேர்க்' என்ற இலாபநோக்கற்ற சங்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. இந்தப் பிரிவுகள் வாசகர்களுக்கு வேறெதையாவது நினைவூட்டினால் நான் பொறுப்பல்ல. ஒரு வேறுபாடு மட்டும்: இங்கே பிரிந்தவர்கள் எவரும் மற்றவரின் அச்சகத்தை எரிக்கவில்லை.

நாங்கள் செய்தவை இவை. அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு மேசைக்கணனி ஒன்றை வாங்கினோம். 8 கிகாபைற் நினைவகம் போர்ஜெயோவுக்குத் தாராளம். அது சராசரியாக 15 வாற் மின் எடுக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 130 யூனிற். டெபியன் லினக்சும் டொக்கரும் நிறுவினோம். பின்னர் ஒரு சிறு கட்டளைக் கோப்பு, பதினைந்து வரிதான். எந்த அச்சு, அதன் எத்தனையாம் பதிப்பு, எந்தக் கோப்புறை உள்ளே தெரிய வேண்டும், எந்த வாசல்கள் திறக்க வேண்டும், மின் போய் வந்தால் தானாக எழும்ப வேண்டுமா என்பவை அதில் இருக்கும். உலாவி 3000ஆம் வாசலால் வரும். நிரலை அனுப்பும் பாதுகாப்பான தொடர்புக்குக் கொன்ரெயினரின் 22ஆம் வாசலை வெளியே 2222 என்று காட்டினோம். 22 கணனியின் சொந்தத் தேவைக்கு வேண்டும். பதிப்பை 'கடைசியானது' என்று விடாமல் எண்ணாகவே எழுத வேண்டும். இல்லையேல் ஒருநாள் நீங்கள் அறியாமலே புதிய பதிப்பு வந்து இறங்கும்.

முதன்முறை உலாவியில் திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். தரவுத்தளத்துக்கு 'எஸ்கியூலைற்' போதும்; பத்துப் பேருக்கு அதற்குமேல் தேவையில்லை. பொறுப்பாளர் கணக்கை உடனே உண்டாக்கினோம். புதியவர்கள் தாமாகப் பதியும் வசதியை நிறுத்தினோம். உள்நுழையாதவர்கள் எதையும் பார்க்க முடியாதவாறு வைத்தோம். பெட்டியைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடவில்லை. 'வயர்காட்' என்ற மறைகுறித் தடம் ஒன்றின் வழியாக அங்கத்தவர்கள் மட்டும் வருகிறார்கள். இங்கு பல வீட்டு இணைப்புகள் பலருக்குப் பொதுவான ஒரு முகவரிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து வீட்டை அடைய முடியாது. சேவை வழங்குனரைக் கேட்டேன்; தனி முகவரிக்கு மாற்றித் தந்தார்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதத்தில் நான் எழுதிய கட்டளைக் கோப்பில் கோப்புறையின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டேன். தரவுகள் நான் நினைத்த இடத்துக்குப் போகாமல் டொக்கர் தானாக உண்டாக்கிய பெயரற்ற மூலை ஒன்றில் சேர்ந்துகொண்டிருந்தன. புதிய பதிப்பை எழுப்பியபோது களஞ்சியம் வெறுமையாக இருந்தது. பதற்றத்தில், பயன்படாதவற்றை எல்லாம் நீக்கும் கட்டளையைக் கொடுத்து அந்த மூலையையும் அழித்தேன். இரவு ஒரு மணி; வேலை முடிந்து வந்த களைப்பு.

மறுநாள் நால்வர் தத்தமது கணனிகளிலிருந்த பிரதிகளை மீண்டும் அனுப்பினார்கள். நிரலின் முழு வரலாறும் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டது. ஆனால் பிழைகளைப் பற்றி நாங்கள் எழுதிய குறிப்புகள், 'இந்த எழுத்துருவில் ஸ்ரீ எங்கே இருக்கிறது' என்ற விவாதங்கள், அங்கத்தவர் கணக்குகள் எவையும் திரும்பவில்லை. அவை கிட்டின் வரலாற்றில் இல்லை. வழங்கியின் தரவுத்தளத்தில் மட்டும் இருப்பவை. தீர்மானங்கள் எல்லோரிடமும் இருந்தன. தீர்மானத்துக்கு வந்த விவாதம் ஒரே இடத்தில் இருந்து அழிந்தது. எமது அரசியல் வரலாற்றை எழுத முற்பட்டவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானது.

பெயரும் நேரமும்

கிட்டின் ஒவ்வொரு பதிவிலும் எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், எழுதிய நேரம், அவருடைய நேரவலயம் ஆகியவை இருக்கும். மெல்பேணிலிருந்து எழுதினால் உலகநேரத்துக்குப் பத்து மணித்தியாலம் முன், கோடையில் பதினொன்று. ஐந்தரை என்றிருந்தால் எழுதியவர் இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கிறார் என்பது வெளிப்படை. பெயரை மறைத்தவரும் நேரவலயத்தை மறைக்க நினைப்பதில்லை.

தாயகத்திலிருந்து அட்டவணைகளைச் சரிபார்த்துத் தந்த ஒருவரின் உண்மைப் பெயரும் மின்னஞ்சலும் எமது பதிவுகளில் இருப்பதை அந்தப் பெண்தான் கண்டார். நாங்கள் மாற்றும் பழைய இதழ்களில் பல தரப்பினரையும் குற்றஞ்சாட்டும் கட்டுரைகள் உண்டு. அவற்றோடு தன் பெயர் சேர்வதை அவர் விரும்புகிறாரா என்று நாம் கேட்டதேயில்லை.

வட்டத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. வரலாற்றைத் திருத்தினால் நாமும் மற்றவர்களைப் போலவே ஆகிவிடுவோம் என்றார் ஒருவர். உயிரோடிருப்பவரின் பாதுகாப்பு ஆவணத்தின் தூய்மையைவிடப் பெரிது என்றார் மற்றவர். நான் இரண்டாவது பக்கம் நின்றேன். களஞ்சியம் எமது வீட்டில் இருந்ததாலும் பிரதி வைத்திருந்தவர்கள் சிலரே என்பதாலும் அது சாத்தியமாயிற்று. முழு வரலாற்றையும் புனைபெயரோடு மீள எழுதினோம். அடையாளங்கள் எல்லாம் மாறின. எல்லோரும் பழைய பிரதியை அழித்துப் புதிதாக எடுத்தார்கள். பொது இடத்தில் ஒருமுறை வெளியாகியிருந்தால் யார் யாரிடம் பிரதி இருக்கிறது என்று எப்படி அறிவது? இப்போது ஒவ்வொருவரும் தொடங்குமுன் தன் பெயரைத் தானே தெரிகிறார். கணனியின் நேரத்தையும் உலகநேரத்துக்கு மாற்றிக்கொள்கிறார். முதலாமவரின் ஆட்சேபம் இன்னும் முற்றாகத் தீரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வீட்டில் வைத்திருப்பதால் சட்டத்துக்கு வெளியே நிற்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். மறைகுறித் தொடர்புகளை அணுக உதவும்படி சேவை வழங்குவோரைக் கட்டாயப்படுத்த வழிசெய்யும் சட்டம் 2018 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சொந்தக் களஞ்சியம் தருவது தலைமறைவையல்ல. எதை வெளியிடுவது, எப்போது வெளியிடுவது என்பதை நாமே தீர்மானிக்கும் அவகாசத்தை மட்டுமே அது தருகிறது. முடிந்த நிரலை நாம் பொதுவில் வெளியிடத்தான் போகிறோம், கிட்ஹப்பிலும் வைப்போம். அது பிரதிகளில் ஒன்றாக இருக்கும்.

மீட்டுப் பார்க்காத பிரதி

2017 சனவரி 31ஆம் திகதி கிட்லாப் என்ற பெரிய களஞ்சிய நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியியலாளர் தவறான வழங்கியில் கட்டளை கொடுத்துத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறைகள் இருந்தும் எதுவும் நம்பத்தக்கவாறு இயங்கியிருக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத் தரவு போயிற்று. அங்கும் நிரல்கள் தப்பின. குறிப்புகளும் கருத்துகளுமே அழிந்தன. அதை அவர்கள் மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அதை வாசித்தபோது என் இரவு ஒரு மணிக் கூச்சம் சற்றுக் குறைந்தது.

எனவே எமது ஒழுங்கு இது. ஒவ்வொரு ஞாயிறும் கொன்ரெயினரை நிறுத்தி, கோப்புறை முழுவதையும் மறைகுறியிட்டுப் பிரதி எடுக்கிறோம். ஒரு பிரதி என் வீட்டிலேயே கழற்றி வைக்கும் வட்டில். இன்னொன்று சிட்னியில், வென்ற்வேர்த்வில்லில் ஒரு நண்பர் வீட்டில். பொறுப்பாளர் கடவுச்சொல்லும் மறைகுறித் திறப்பும் தாளில் எழுதி ஒட்டிய உறைகளில் மூவரிடம் இருக்கின்றன. மூவரும் ஒரே நகரத்தில் இல்லை. மூவருடைய வீட்டாருக்கும் உறை என்னவென்று சொல்லியிருக்கிறோம். இந்தக் கடைசி வரியை எழுதச் சுலபம். மரணத்தைப் பற்றி வீட்டில் பேசுவது எங்களுக்கு டொக்கரைவிடக் கடினமாக இருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை வெறுங்கணனி ஒன்றில் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கிறோம். அதை நான் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் முன்பு செய்யாத ஒருவர், நாங்கள் எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். நாளும் குறித்திருக்கிறோம்: யூன் 1. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அச்சான நூல்களை வேறிடங்களில் தேட முடிந்தது. ஏட்டுச் சுவடிகளைத் தேட வேறிடம் இருக்கவில்லை. எரித்தவர்களின் குற்றத்தைப் பற்றி நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரியாகவே எழுதி வந்திருக்கிறோம். ஒரே பிரதியாக எம்மிடம் இருப்பவை எவை என்ற பட்டியலை எழுதினோமா?

என் வாதம் சுருக்கமானது. பிரதி பலரிடம் இருக்க வேண்டும். திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. கிட் முதலாவதைச் சுலபமாக்குகிறது. கொன்ரெயினர் வீடு மாறுவதைச் சுலபமாக்குகிறது. இரண்டாவதற்குக் கருவி இல்லை. ஒருவரையொருவர் நம்பும் மூன்று பேர் வேண்டும். எமது சூழலில் அது எவ்வளவு அரிது என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பரின் அட்டவணைகளில் பாதியளவை மீண்டும் கட்டிவிட்டோம். மீதிக்கு மூல எழுத்துருக்கள் வேண்டும். உங்கள் வீட்டு இறாக்கையில் தொண்ணூறுகளின் பிளொப்பி வட்டுகளோ சீடிகளோ இருந்தால், தயவுசெய்து எறிய வேண்டாம். அவற்றைப் பிரதியெடுத்து அனுப்புங்கள். மூலத்தை உங்களிடமே வைத்திருங்கள். மூன்றாவது பெட்டி ஒன்று ஐரோப்பாவில் இருந்தால் நல்லது. அதற்கு முன்வருபவர்களுக்குக் கட்டளைக் கோப்பையும் குறிப்பையும் தருகிறோம். மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாகப் பெயர்களைத் திருத்தியது தவறு என்று கருதுபவர்கள், எழுத வேண்டும்.